பெரிய முழு எண் ஒன்று கையில் கிடைத்தால்: அதன் குணங்களைக் கண்டுபிடிக்கும் வழி, படிப்படியாக

ஒன்பது இலக்கமோ தொண்ணூறு இலக்கமோ, ஒரு பெரிய எண் உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அது பகா எண்ணா, எதனாலெல்லாம் வகுபடும், எத்தனை வகுத்திகள், இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத வருமா என்றெல்லாம் தெரிய வேண்டும். தேடினால் ஒன்று பள்ளிப் பாடத்தோடு நின்றுவிடும் குறிப்புகள் கிடைக்கும், இல்லையென்றால் நேராக ஆய்வுக் கட்டுரைகள். நடுவில் இருப்பவர்களுக்கு ஒன்றும் இல்லை. அந்த நடுவில் முட்டி மோதித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காரணிப்படுத்துவதுதான் உண்மையான வேலை, மற்ற குணங்களில் பெரும்பாலானவை காரணிகள் தெரிந்த பிறகு ஐந்து நிமிடக் கணக்கு. அதனால் நேரமும் மின்சாரமும் அங்கேதான் போகும், போகட்டும். உதாரணத்துக்கு 987654321 என்ற எண்ணைக் கடைசி வரை வைத்துக்கொள்வோம். கையாலேயே முடிக்கக்கூடிய அளவு, ஆனாலும் புதியவர்கள் விழும் குழிகளில் பாதி இதிலேயே இருக்கிறது.

1. எண் சரிதானா என்று முதலில் பாருங்கள்

சிரிக்காதீர்கள், இங்கேதான் நிறையப் பேருடைய உழைப்பு வீணாகிறது. எக்செல் போன்ற விரிதாளில் பெரிய எண்ணை ஒட்டினால் முதல் 15 இலக்கங்கள்தான் நிற்கும், 16-ஆவதிலிருந்து சத்தமில்லாமல் பூஜ்யமாகிவிடும். ஜாவாஸ்கிரிப்ட்டின் சாதாரண எண் வகையில் 9007199254740992-க்கு மேல் (இது 2-இன் 53-ஆம் அடுக்கு) எல்லா முழு எண்களும் சரியாக நிற்காது. 64 பிட் முழு எண் என்றால் 9223372036854775807 வரை, அவ்வளவுதான். பைதானில் முழு எண்ணுக்கு இப்படி எல்லை கிடையாது, ஆனால் புதிய பதிப்புகளில் 4300 இலக்கத்துக்கு மேலுள்ள எண்ணை எழுத்திலிருந்து எண்ணாகவோ எண்ணிலிருந்து எழுத்தாகவோ மாற்றப்போனால் பிழை வரும். அது எண்ணின் குற்றமில்லை, பாதுகாப்புக்காக வைத்த வரம்பு, அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம்.

எண்ணை எப்போதும் எழுத்துக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் காற்புள்ளியோ இடைவெளியோ வேண்டாம். பக்கத்திலேயே நான்கு விஷயங்களைக் குறியுங்கள்: எத்தனை இலக்கம், முதல் ஆறு இலக்கம், கடைசி ஆறு இலக்கம், 11-ஆல் வகுத்தால் வரும் மீதி. ஏன் 9 இல்லாமல் 11? இலக்கங்கள் இடம் மாறினால் 9-ஆல் வரும் மீதி மாறாது, உங்களுக்குத் தெரியவே தெரியாது. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தால் 11 உடனே காட்டிக்கொடுத்துவிடும். நம் எண்ணுக்கு அந்த மீதி 5.

2. இலக்கங்களிலிருந்து சும்மா கிடைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்

கடைசி இலக்கம் 1, ஆகவே 2-உம் 5-உம் கிடையாது. இலக்கங்களின் கூட்டல் 45, ஆகவே 9-ஆல் வகுபடும். இத்தோடு நிறுத்தாமல் எண்ணை வலமிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரியுங்கள்: 987, 654, 321. மூன்றையும் கூட்டினால் 1962 (999 = 27 × 37 என்பதால் இந்தக் கூட்டலுக்கும் முழு எண்ணுக்கும் 27-ஆலும் 37-ஆலும் ஒரே மீதிதான் வரும்). இதை 27-ஆல் வகுத்தால் மீதி 18, 37-ஆல் வகுத்தால் மீதி 1. ஆக 9 உண்டு, 27 கிடையாது, 37-உம் கிடையாது. அப்புறம் அதே மூன்று துண்டுகளை மாற்றி மாற்றிக் கூட்டிக் கழியுங்கள்: 321 − 654 + 987 = 654 (1001 = 7 × 11 × 13 என்பதால் இது அந்த மூன்றுக்கும் உதவும்). இதன் மீதிகள் 7-ஆல் 3, 11-ஆல் 5, 13-ஆல் 4. இவற்றில் எதுவும் வகுக்கவில்லை. கூட்டல் கழித்தலிலேயே ஏழு பகா எண்களின் கதை முடிந்தது.

ஒரு எச்சரிக்கை. 987654321 பார்க்க அழகான எண், 123456789-ஐ 8-ஆல் பெருக்கி 9-ஐக் கூட்டினால் இதுவே வரும், இதை வைத்து எவ்வளவோ வித்தை காட்டலாம். ஆனால் அதெல்லாம் நாம் பத்தடிமானத்தில் எழுதுவதால் வந்த அலங்காரம். இதையே இரும முறையில் எழுதினால் 30 இலக்கம் வரும், அதில் இந்த ஒழுங்கு எதுவும் தென்படாது. இலக்கக் கூட்டல், முன்பின் ஒன்றாக வாசிக்க வருமா என்பது போன்றவற்றைத் தனியாக ஒரு மூலையில் எழுதி வையுங்கள், எண்ணின் குணங்களோடு கலக்காதீர்கள். எந்த அடிமானத்தில் எழுதினாலும் மாறாதது எதுவோ அதுதான் எண்ணின் குணம்.

3. அடுக்கா, சிறப்பு வடிவமா?

காரணி தேடும் முன் இது ஏதாவது எண்ணின் வர்க்கமோ மும்மடியோ மேலடுக்கோ என்று பார்த்துவிட வேண்டும். இது மலிவான சோதனை, ஆனால் நிறையப் பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். நம் எண்ணின் வர்க்கமூலம் 31426-க்கும் 31427-க்கும் நடுவில், மும்மடிமூலம் 995-க்கும் 996-க்கும் நடுவில். இரண்டும் இல்லை. இருமத்தில் 30 இலக்கம் என்பதால் 29-ஆம் அடுக்கு வரை, அதுவும் அடுக்கு பகா எண்ணாக உள்ளவற்றை மட்டும் பார்த்தால் போதும்.

எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதையும் பயன்படுத்துங்கள். 2-இன் ஏதோ ஒரு அடுக்கிலிருந்து 1 கழித்து வந்த எண், அந்த அடுக்கும் ஒற்றைப்படைப் பகா எண் என்றால், அதன் பகாக் காரணிகள் எல்லாமே அந்த அடுக்கின் இருமடங்கின் மடங்கோடு 1 கூட்டிய வடிவத்தில்தான் இருக்கும். 2-இன் 11-ஆம் அடுக்கிலிருந்து 1 கழித்தால் 2047. அதன் காரணிகள் 23-உம் 89-உம். இரண்டும் 22-இன் மடங்கோடு 1. இது தெரிந்திருந்தால் தேட வேண்டியது பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

இங்கே ஒரு ஆசை வரும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். 31427-இன் வர்க்கம் 987656329. நம் எண்ணைவிட 2008 மட்டும்தான் அதிகம். இவ்வளவு கிட்ட இருக்கிறதே, இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதி உடைத்துவிடலாம் என்று தோன்றும். 2008 வர்க்கமில்லை. அடுத்தது 31428, அதன் வர்க்கத்திலிருந்து நம் எண்ணைக் கழித்தால் 64863, அதுவும் வர்க்கமில்லை. இப்படியே போனால் ஏறக்குறைய 1.6 லட்சம் முறை முயன்ற பிறகுதான் விடை வரும், ஏனென்றால் இந்த எண்ணை இரண்டாகப் பிரித்தால் வர்க்கமூலத்துக்கு மிக அருகில் வரும் ஜோடியே 2601-உம் 379721-உம்தான். இரண்டு காரணிகளும் ஏறத்தாழ ஒரே அளவு என்று முன்கூட்டியே சந்தேகம் இருந்தால் மட்டும் இந்த முறை நல்லது.

4. சிறிய பகா எண்களால் வகுத்துத் தள்ளுங்கள்

எண்ணின் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும் என்பது தெரிந்ததுதான். இங்கே அது 31426 வரை. அதற்குள் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பகா எண்கள் இருக்கின்றன, கையால் செய்பவர் அங்கேயே சோர்ந்துவிடுவார். சோர வேண்டாம், ஒரு காரணி கிடைத்ததும் எல்லை சுருங்கும்.

9-ஆல் வகுத்தால் 109739369. இதன் வர்க்கமூலம் 10475-ஐ ஒட்டி, எல்லை மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. அடுத்தது 17: வகுத்தால் 6455257, மீதி இல்லை. இந்த இடத்தில்தான் பலர் 19-க்குத் தாவிவிடுவார்கள். தாவாதீர்கள். கிடைத்த காரணியால் மறுபடியும் வகுக்க வேண்டும், வகுபடாமல் போகும் வரை. 6455257-ஐ மறுபடி 17-ஆல் வகுத்தால் 379721, மறுபடியும் மீதி இல்லை. மூன்றாவது முறை வகுபடவில்லை. இந்த இரண்டாவது 17-ஐ விட்டுவிட்டால் பிறகு கணக்கிடும் அத்தனை குணங்களும் தப்பாகிவிடும், வகுத்திகளின் எண்ணிக்கையிலிருந்து எல்லாமே.

இப்போது மிச்சம் 379721, எல்லை 616. அதற்குள் பகா எண்கள் 112. 17 வரை ஏழு முடிந்துவிட்டன, பாக்கி 105 (37-ஐயும் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது). இவற்றில் எதுவும் வகுக்கவில்லை, ஆகவே 379721 பகா எண். எண் முழுதும் உடைந்துவிட்டது:

987654321 = 3² × 17² × 379721

எண் பெரிதென்றால் கணினியில் பத்து லட்சம் வரை இப்படித் தள்ளுங்கள். அதற்குள் இருப்பவை 78498 பகா எண்கள், நூறு இலக்க எண்ணுக்குக்கூட இது கண் சிமிட்டும் நேர வேலை. அதற்கு மேல் இதே முறையில் போவது வீண், வேறு கருவி எடுக்க வேண்டும்.

5. மிச்சம் பகா எண்ணா என்று சோதியுங்கள்

சிறிய காரணிகளைத் தள்ளிய பிறகு நிற்பது பகா எண்ணா பகு எண்ணா என்று கேட்காமல் காரணி தேட ஆரம்பிக்காதீர்கள். பகா எண்ணுக்குக் காரணி தேடிக்கொண்டே இருக்கும் கணினி தானாக நிற்காது.

ஃபெர்மா சோதனை எளிது: 'அடி' என்று ஒரு சிறிய எண்ணை எடுத்து, சோதிக்கும் எண்ணைவிட 1 குறைவான அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது. ஆனால் ஏமாறும். 341 என்பது 11 × 31, ஆனாலும் 2-ஐ அடியாக வைத்தால் பகா எண்போல் தேறிவிடும். 561 (3 × 11 × 17) இன்னும் மோசம், தன்னோடு பொதுக் காரணி இல்லாத எந்த அடியை வைத்தாலும் தேறும். ஆகவே மில்லர்-ராபின் சோதனையைப் பயன்படுத்துங்கள். இதில் ஒரு பகு எண் தன் அடிகளில் அதிகபட்சம் நாலில் ஒரு பங்கிடம்தான் தப்ப முடியும். 2 என்ற ஒரே அடியை ஏமாற்றும் மிகச் சிறிய எண் மேலே பார்த்த அதே 2047தான், அதனால் ஒரே அடியோடு நிறுத்தக்கூடாது. 3215031751-க்குக் கீழே என்றால் 2, 3, 5, 7 ஆகிய நான்கு அடிகளிலேயே விடை உறுதி. 64 பிட்டுக்குள் எந்த எண்ணானாலும் 2 முதல் 37 வரையுள்ள முதல் 12 பகா எண்களை அடியாக வைத்தால் உறுதி, சந்தேகமே வேண்டாம்.

அதற்கும் மேலே போனால் இந்தச் சோதனை 'பகா எண்ணாக இருக்கக்கூடும்' என்று மட்டும்தான் சொல்லும். உங்கள் தேவை வெறும் ஆர்வம் என்றால் அது போதும். எங்காவது எழுதிக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் நிரூபணம் வேண்டும். நீள்வட்ட வளைவு முறையில் நிரூபிக்கும் மென்பொருள்கள் ஒரு சான்றுக் கோப்பையும் தரும், அதை மற்றவர்கள் தனியாகச் சரிபார்க்கலாம். சில நூறு இலக்கம் வரை இது பெரிய காத்திருப்பு இல்லை. ஆயிரக்கணக்கில் போனால் நேரம் வேகமாக ஏறும்.

இன்னொன்று. சோதனை 'பகு எண்' என்று சொன்னால் அது நிச்சயம், ஆனால் காரணி என்ன என்று அது சொல்லாது. உடையும் என்று தெரியும், எங்கே உடையும் என்று தெரியாது. புதியவர்களுக்கு இது முதலில் நம்ப முடியாததாக இருக்கும்.

6. மிச்சம் பகு எண் என்றால்: கருவி, செலவு, நேரம்

முதலில் ஃபேக்டர்டிபி என்ற பொதுத் தரவுத்தளத்தில் எண்ணைத் தேடிப் பாருங்கள், யாராவது ஏற்கெனவே உடைத்திருக்கலாம். அது தரும் நிலைக் குறியீட்டை மட்டும் கவனமாகப் படியுங்கள். முழுதும் உடைந்தது, பாதி உடைந்தது, பகு எண் ஆனால் காரணி தெரியாது, பகா எண்ணாக இருக்கக்கூடும் என்று தனித்தனியாக இருக்கும். கடைசியைப் பகா எண் என்றே எடுத்துக்கொள்பவர்கள் ஏராளம்.

மென்பொருளுக்குப் பணம் வேண்டாம். பாரி ஜிபி, பைதானில் சிம்பை, யாஃபூ, ஜிஎம்பி-ஈசிஎம், கேடோ-என்எஃப்எஸ் எல்லாமே இலவசம். புதியவருக்கு என் யோசனை: 50, 60 இலக்கம் வரை பாரி ஜிபி, அதற்கு மேல் யாஃபூ. யாஃபூ எந்த முறையை எப்போது எடுப்பது என்று தானே முடிவு செய்துகொள்ளும். சிம்பை வசதியானது, ஆனால் கடினமான எண்ணில் மாட்டிக்கொண்டால் எப்போது முடியும் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

முறைகளின் வரிசை முக்கியம், ஏனென்றால் ஒவ்வொன்றும் வேறு வேறு காரணிக்கு ஏற்றது. பொலார்டின் ரோ முறையின் நேரம் மிகச் சிறிய பகாக் காரணியின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது, பத்துப் பன்னிரண்டு இலக்கக் காரணியை எளிதாகப் பிடிக்கும். அடுத்து நீள்வட்ட வளைவு முறை, அதாவது ஈசிஎம் (படி 5-இல் வந்த நிரூபண முறை இல்லை, இது காரணி தேடும் முறை). இதன் நேரமும் காரணியின் அளவைப் பொறுத்தது, முழு எண் எவ்வளவு நீளம் என்பது அவ்வளவு முக்கியமில்லை. ஒரு வளைவில் எவ்வளவு தூரம் தேட வேண்டும் என்பதை ஒரு வரம்பாகக் கொடுக்க வேண்டும்: 20 இலக்கக் காரணிக்கு வரம்பு 11,000, 25-க்கு 50,000, 30-க்கு 2,50,000, 35-க்கு 10 லட்சம் என்று வைப்பது வழக்கம். 35 இலக்க நிலையை முடிக்க ஏறக்குறைய 900 வளைவுகள் ஓட வேண்டும். ஒரே வளைவை ஓட்டிவிட்டு ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள், ஒவ்வொரு வளைவும் ஒரு தனி வாய்ப்பு.

ஈசிஎம்மிலும் சிக்கவில்லை என்றால் சல்லடை முறைகள். சுமார் 95, 100 இலக்கம் வரை இருபடிச் சல்லடை, அதற்கு மேல் எண்களச் சல்லடை. இவற்றில் காரணி சிறிதா பெரிதா என்பது பொருட்டில்லை, முழு எண்ணின் நீளம்தான் நேரத்தைத் தீர்மானிக்கும். நல்ல மேசைக் கணினியில் தோராயமாக 60 இலக்கம் நொடிகள், 80 இலக்கம் நிமிடங்கள், 100 இலக்கம் மணிக்கணக்கு, 120 ஒரு நாளை ஒட்டி, 150 என்றால் வாரங்கள். சல்லடை ஓடும்போது இடைநிலைக் கோப்புகள் வட்டை நிரப்பும், முன்கூட்டியே இடம் ஒதுக்குங்கள். மடிக்கணினியில் நாள்கணக்கில் ஓட்டினால் சூடேறி வேகம் குறையும், நீங்கள் போட்ட நேரக் கணக்கெல்லாம் தப்பிப்போகும். மேகக் கணினியை வாடகைக்கு எடுப்பதென்றால் முதலில் 90 இலக்க எண் ஒன்றை ஓட்டி எவ்வளவு ஆகிறது என்று பார்த்துவிட்டுப் பெரியதற்குப் போங்கள்.

எது முடியாது என்பதும் தெரிய வேண்டுமல்லவா? 250 இலக்கம் கொண்ட ஆர்எஸ்ஏ-250 என்ற எண் 2020-இல் உடைக்கப்பட்டது, செலவு ஏறக்குறைய 2700 கோர்-வருடங்கள். அதாவது ஒரே செயலி உள்ளகம் 2700 வருடம் ஓடுவதற்குச் சமமான வேலை. ஆகவே இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி வந்த 300 இலக்க எண்ணை யாராவது கொடுத்தால், வீட்டுக் கணினியில் ஆரம்பிக்கவே வேண்டாம்.

7. காரணிகள் கையில் வந்ததும்

சரி, இப்போது அறுவடை. 3² × 17² × 379721 என்பதிலிருந்து எல்லாவற்றையும் எடுக்கலாம்.

வகுத்திகளின் எண்ணிக்கைக்கு அடுக்கு ஒவ்வொன்றோடும் 1 கூட்டிப் பெருக்குங்கள்: 3 × 3 × 2 = 18. வகுத்திகளின் கூட்டுத்தொகை 13 × 307 × 379722 = 1515470502. இதிலிருந்து எண்ணையே கழித்தால் 527816181. இது எண்ணைவிடச் சிறியது, ஆகவே இது குறை எண், நிறைவு எண்ணும் இல்லை மிகை எண்ணும் இல்லை. தன்னோடு பொதுக் காரணி இல்லாத சிறிய எண்கள் எத்தனை என்று சொல்லும் ஆய்லர் சார்பு 6 × 272 × 379720 = 619703040. இதில் தப்பு எங்கே வரும் என்றால், 17²-க்கு 16 × 16 என்று போட்டுவிடுவார்கள். 17 × 16 என்பதுதான் சரி. மோபியஸ் சார்பு என்பது ஏதாவது ஒரு பகாக் காரணி ஒரு முறைக்கு மேல் வந்தால் 0, இல்லையென்றால் 1 அல்லது −1. இங்கே அடுக்கு 2 இருப்பதால் அதன் மதிப்பு 0.

எனக்கு மிகவும் பிடித்தது இரண்டு வர்க்கங்கள் பற்றிய கேள்வி. 4-ஆல் வகுத்தால் மீதி 3 வரும் பகாக் காரணிகள் எல்லாம் இரட்டைப்படை அடுக்கில் இருந்தால்தான் எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியும். இங்கே அப்படி இருப்பது 3 மட்டும், அடுக்கு 2, ஆகவே முடியும். எப்படி என்று கண்டுபிடிக்க முழு எண்ணோடு மல்லுக்கட்ட வேண்டாம், 379721-ஐ மட்டும் பாருங்கள். 616-லிருந்து ஒவ்வொன்றாக இறங்கி வர்க்கத்தைக் கழித்துக்கொண்டே வந்தால் 611-இல் மிச்சம் 6400, அது 80-இன் வர்க்கம். இரண்டையும் 51-ஆல் (3 × 17) பெருக்கினால்:

987654321 = 31161² + 4080²

காரணி தெரியாமல் இதைத் தேடியிருந்தால் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று நீங்களே ஒருமுறை முயன்று பாருங்கள்.

8. எழுதி வைக்க வேண்டியவை

எண், படி 1-இல் குறித்த சரிபார்ப்புகள், ஒவ்வொரு காரணியும் அதன் அடுக்கும், ஒவ்வொரு காரணியும் நிரூபித்த பகா எண்ணா அல்லது இருக்கக்கூடும் என்ற நிலையா, பயன்படுத்திய மென்பொருளின் பெயரும் பதிப்பும், சான்றுக் கோப்பு. காரணிகளை மறுபடி பெருக்கிப் பார்ப்பதை வேறு மென்பொருளில் செய்யுங்கள், அதே மென்பொருளில் செய்தால் அதே பிழை இரண்டு முறை வரலாம்.

முழுதும் உடையவில்லை என்றாலும் பதிவு செய்யுங்கள். எந்த வரம்பில் எத்தனை ஈசிஎம் வளைவுகள் ஓடின என்று எழுதி வைத்தால் அடுத்து வருபவர் அந்த இடத்திலிருந்து தொடரலாம். 'பகு எண், சிறிய காரணி இருப்பதாகத் தெரியவில்லை' என்பதும் விடைதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்படி நிற்கும் எண்கள் ஒன்றுக்கு மேல் இருந்தால் கடைசியாக ஒன்றைச் செய்யுங்கள், இரண்டிரண்டாக எடுத்து மீப்பெரு பொது வகுத்தியைப் பாருங்கள். யூக்ளிட் முறை ஆயிரம் இலக்க எண்களுக்கும் நொடிக்குள் முடியும், காரணி எதுவும் தெரிய வேண்டியதில்லை. 987654321-ஐ 123456789-ஆல் வகுத்தால் மீதி 9, அந்த 9 123456789-ஐ மீதியின்றி வகுக்கும், ஆகப் பொது வகுத்தி 9. இரண்டே படி. 2012-இல் இணையத்தில் புழங்கிய ஆர்எஸ்ஏ சாவிகளை (இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கலை வைத்துச் செய்யும் மறைகுறியீட்டுச் சாவிகள்) திரட்டி இதே வேலையைச் செய்து பார்த்த ஆய்வாளர்கள், ஒரே பகா எண்ணைப் பங்கிட்டுக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான சாவிகளை எந்தச் சல்லடையும் இல்லாமல் உடைத்தார்கள்.